ஸ்வாஹிலியில் முதல் இருநூறு வார்த்தை: எங்கிருந்து தொடங்குவது?

தான்சானியாவில் உள்ள தார் எஸ் சலாமுக்கு வேலைக்குப் போகப் போகிறீர்கள், ஸ்வாஹிலியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது, ஆயிரம் வார்த்தைகள் கொண்ட பட்டியல் ஒன்று கையில் கிடைத்திருக்கிறது, அதை மனப்பாடம் செய்தால் சமாளித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது என்றுதான் சொல்வேன். அந்தப் பட்டியலை ஓரமாக வையுங்கள். ஸ்வாஹிலியில் வார்த்தை என்பது அகராதியில் இருக்கிறபடியே வாய்க்கு வருவதில்லை, முன்னால் ஒன்று ஒட்டும், நடுவில் ஒன்று சேரும், ஒருமை பன்மைக்குத் தலை மாறும். ஒட்டத் தெரிந்தவருக்கு இருநூறு வார்த்தை இருந்தாலே கடைக்குப் போகலாம், பஸ் ஏறலாம், பக்கத்து வீட்டுக்காரரிடம் நாலு வார்த்தை பேசலாம். ஒட்டத் தெரியாதவருக்கு ஆயிரம் இருந்தும் பிரயோஜனமில்லை. தமிழ் பேசுகிற நமக்கு இந்த ஒட்டுகிற வேலை பிறந்ததிலிருந்தே பழக்கம், அதனால் ஆங்கிலம் மட்டும் தெரிந்தவரைவிட நீங்கள் ஒரு படி மேலேயிருந்துதான் தொடங்குகிறீர்கள்.

முதலில் எழுத்தைப் பற்றி ஒரு விஷயம். இங்கே நான் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், ஆனால் உங்கள் நோட்டில் ரோமன் எழுத்திலேயே எழுதுங்கள், அந்த மொழியை அவர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள். காரணம், நமக்கு க-வும் ப-வும் ஒரே எழுத்தில் இரண்டு ஒலி. ஸ்வாஹிலியில் பிக்கா என்றால் சமை, பீகா என்றால் அடி. இரண்டையும் தமிழில் 'பிகா' என்று எழுதி வைத்தால் ஒரு வாரம் கழித்து எது எது என்று உங்களுக்கே தெரியாது. பாபா என்பதில் இரண்டு ப-வையும் அழுத்தமில்லாமல் மென்மையாகச் சொன்னால் அப்பா, வல்லினமாகச் சொன்னால் சுறாமீன். நடுவில் வரும் க, ப, த மூன்றையும் குழைத்துச் சொல்வது நம் நாக்கின் பழக்கம், இந்த ஒன்றை மட்டும் முதல் வாரத்திலேயே கவனித்துத் திருத்திக்கொள்ளுங்கள். மற்றபடி உச்சரிப்பு சுகமானது. உயிரொலி ஐந்துதான், எழுதியதைப் படித்தால் போதும், அழுத்தம் கிட்டத்தட்ட எப்போதும் கடைசிக்கு முந்தைய அசையில். ஙோம்பே (மாடு) என்ற சொல்லின் தொடக்கத்தில் வரும் ங வெள்ளைக்காரர்களை மாதக்கணக்கில் திணறடிக்கும், அரிச்சுவடியில் 'ங' சொன்ன நமக்கு அது ஒன்றுமேயில்லை. ஞும்பா (வீடு), ஞாமா (இறைச்சி) இதிலெல்லாம் வருவது நம் ஞ-வேதான்.

அடுத்து வணக்கம் சொல்வது. இதை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, தான்சானியாவில் வணக்கம் சொல்லாமல் எந்தப் பேச்சும் ஆரம்பிக்காது. கடையில் நேராகப் போய் 'சர்க்கரை இருக்கா' என்று கேட்டால் கடைக்காரர் கொடுப்பார், ஆனால் முகம் மாறியிருக்கும். ஹபாரி என்று கேளுங்கள், 'என்ன சேதி' என்று பொருள், பதில் ந்ஸூரி, நன்றாக இருக்கிறேன். இதோடு முடியாது. ஹபாரி ஸா காஸி (வேலை எப்படி), ஹபாரி ஸா ஞும்பானி (வீட்டில் எப்படி), ஹபாரி ஸா சஃபாரி (பயணம் எப்படி) என்று இரண்டு மூன்று கேள்வி போகும், எல்லாவற்றுக்கும் ந்ஸூரி அல்லது சலாமா. உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தாலும் முதல் பதில் ந்ஸூரிதான், அப்புறம்தான் 'லாக்கினி' (ஆனால்) போட்டுக் கஷ்டத்தைச் சொல்வார்கள். இளவட்டங்கள் மாம்போ என்பார்கள், பதில் போவா. சுற்றுலாக்காரர்கள் 'ஜாம்போ' என்று கத்துவதைக் கேட்டிருப்பீர்கள், உள்ளூர்க்காரர்களுக்குள் அது ஹுஜாம்போ, பதில் சிஜாம்போ.

வயதில் மூத்தவர் யாராக இருந்தாலும், அது அலுவலக வாட்ச்மேனாக இருந்தாலும் சரி, ஷிக்காமோ சொல்லுங்கள். காலைப் பிடிக்கிறேன் என்பதிலிருந்து வந்தது என்பார்கள். அவர் மராஹாபா என்று ஏற்றுக்கொள்வார். கென்யாவில் கடற்கரைப் பக்கம் தவிர இது அவ்வளவாகக் காதில் விழாது, தான்சானியாவில் குழந்தைகள்கூடத் தெருவில் பார்க்கிற பெரியவர்களுக்கெல்லாம் சொல்லும். ஒரு வார்த்தையால் உங்களுக்கு அதிக மரியாதை கிடைக்கும் என்றால் அது இதுதான்.

போலே என்று ஒரு சொல் இருக்கிறது, அதையும் முதல் நாளே கற்றுக்கொள்ளுங்கள். யாராவது தடுக்கி விழுந்தால் போலே, காய்ச்சல் என்றால் போலே, சுமை தூக்கிப் போகிறவருக்குப் போலே, வேலை செய்துகொண்டிருப்பவரைக் கடந்து போகும்போது போலே நா காஸி. நீங்கள் செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்கும் சொல் சமஹானி, அது வேறு. போலே என்பது 'உன் கஷ்டம் எனக்குத் தெரிகிறது' என்று மட்டும் சொல்கிறது, பதிலுக்கு அசான்தே (நன்றி) என்றால் போதும்.

உறவுப் பெயர்களுக்கு வருவோம், எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்த பகுதி. மாமா என்றால் அம்மா, அது கொஞ்ச நாள் குழப்பும். மாமா ம்டோகோ, நேராகச் சொன்னால் சின்ன அம்மா, அம்மாவின் தங்கை. மாமா ம்குப்வா பெரியம்மா. பாபா ம்டோகோ சித்தப்பா, பாபா ம்குப்வா பெரியப்பா. அம்மாவின் அண்ணன் தம்பி ம்ஜோம்பா, அப்பாவின் அக்கா தங்கை ஷங்காஸி, அதாவது நம் மாமாவும் அத்தையும். ஆங்கிலப் பாடப்புத்தகம் இதையெல்லாம் 'அங்கிள், ஆன்ட்டி' என்ற இரண்டே சொல்லில் அடைத்துவிட்டு, அடைப்புக்குறிக்குள் விளக்கம் எழுதித் திணறும். நீங்கள் தமிழிலிருந்து நேராக ஏற்றிக்கொள்ளுங்கள், ஆங்கிலம் வழியாகப் போக வேண்டியதில்லை. தெருவில் முன்பின் தெரியாத பெண்ணை டாடா (அக்கா) என்றும், ஆணைக் காக்கா (அண்ணன், இரண்டு க-வும் வல்லினம்) என்றும் கூப்பிடலாம். பிள்ளை பெற்ற பெண்ணைப் பிள்ளையின் பெயரை வைத்து 'மாமா ஜூமா' என்று கூப்பிடுவார்கள், முதியவர் ம்ஸே.

இனி வினைச்சொல். உங்கள் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள். தமிழில் 'படித்தேன்' என்ற சொல்லைப் பிரித்தால் முதலில் படி, அடுத்துக் காலம் காட்டும் துண்டு, கடைசியில் 'நான்' என்று காட்டும் ஏன். ஸ்வாஹிலியில் இதே மூன்று துண்டுகள் அப்படியே தலைகீழாக நிற்கும். நி-லி-சோமா: நி என்றால் நான், லி இறந்தகாலம், சோமா படி. லி-க்குப் பதில் நா போட்டால் நினாசோமா, படிக்கிறேன். தா போட்டால் நிதாசோமா, படிப்பேன். மே போட்டால் நிமேசோமா, படித்துவிட்டேன். முதல் துண்டை மாற்றினால் ஆள் மாறும்: ஊ நீ, ஆ அவன் அல்லது அவள், தூ நாம், ம் நீங்கள் (பலர்), வா அவர்கள். ஆக ஆறு முன்துண்டு, நாலு காலத்துண்டு, இருபது வினை தெரிந்தால் கைவசம் 480 சொல் இருக்கிறது, பட்டியலில் உருப்போட்டு இது வராது. அந்த இருபதில் முதலில் வேண்டியவை குத்தாக்கா (வேண்டும்), க்வேண்டா (போக), கூஜா (வர), கூலா (சாப்பிட), குஞ்வா (குடிக்க), குலாலா (தூங்க), குஜூவா (தெரிய), குவோனா (பார்க்க), குசேமா (சொல்ல), குநுனூவா (வாங்க), குபிக்கா, குபீகா. முன்னால் நிற்கும் 'கு' வெறும் வினையெச்சக் குறி, அதைக் கழற்றிவிட்டுத்தான் மற்றதை ஒட்ட வேண்டும். கூலா, கூஜா, குஞ்வா மாதிரி குட்டி வினைகள் மட்டும் இந்தக் காலங்களில் கு-வை விடாமல் வைத்துக்கொள்ளும், நினாகூலா என்றுதான் வரும். எதிர்மறை வடிவம் கொஞ்சம் முறுக்கானது, வாய் பழகிய பிறகு அதற்குப் போகலாம்.

குபீகா என்ற 'அடி'யைத் தனியாகக் கவனியுங்கள். பீகா சீமு என்றால் போன் அடி, நாம் சொல்வது போலவேதான். பீகா பிச்சா போட்டோ எடு, பீகா பாசி துணிக்கு இஸ்திரி போடு, பீகா ம்ஸ்வாக்கி பல் தேய், பீகா கூரா ஓட்டுப் போடு. ஒரே வினையை வைத்து அன்றாடக் காரியம் பாதி நடந்துவிடும். கூலாவும் அப்படித்தான், கூலா ருஷ்வா என்றால் லஞ்சம் வாங்குவது, அங்கே அதைச் 'சாப்பிடுகிறார்கள்'. அடுத்த கட்டத்தில் வினையின் வாலிலும் துண்டு சேரும்: ஓனா பார், ஓன்யேஷா காட்டு, ஓனானா ஒருவரையொருவர் பார், அதிலிருந்துதான் துதாவோனானா, 'பார்க்கலாம்' என்று விடைபெறும் சொல். நிதாகுபிகீயா என்ற நீளமான சொல்லைக் கேட்டு மிரளாதீர்கள், நி-தா-கு-பிகி-யா என்று வெட்டினால் 'உனக்கு (போன்) அடிக்கிறேன்' என்று வந்து நிற்கும்.

பெயர்ச்சொல்லை எப்போதும் ஜோடியாக எழுதுங்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ம்து வாத்து (ஆள், ஆட்கள்), கித்தாபு வித்தாபு (புத்தகம்), கீத்தி வீத்தி (நாற்காலி), ம்தி மீத்தி (மரம்), ஜீனா மஜீனா (பெயர்). முன்துண்டைப் பார்த்தால் எந்தக் கூட்டம் என்று தெரியும், அந்தக் கூட்டத்தின் ஒலிதான் வாக்கியம் முழுக்க ஓடும்: கீத்தி கிமோஜா கிமெவுஞ்சிக்கா, ஒரு நாற்காலி உடைந்துவிட்டது. வீத்தி விவீலி விமெவுஞ்சிக்கா, இரண்டு நாற்காலி உடைந்துவிட்டன. முதலில் பயமாக இருக்கும், ஆனால் வாய்விட்டுச் சொல்லுங்கள், காதே சரி தப்பு சொல்லிக் கொடுத்துவிடும். ஆண்பால் பெண்பால் என்ற பேச்சே கிடையாது. நம் உயர்திணை, அஃறிணை மாதிரி ஒரு பிரிவு உண்டு, ஆனால் கோடு வேறு இடத்தில் விழுகிறது. மரம் செடி தவிர உயிருள்ளது எல்லாம் மேலே போகும், நாயும் மாடும் மனிதரைப் போலவே ஆ, வா என்றுதான் வினையை எடுக்கும். ஞும்பா, ண்டீஸி (வாழைப்பழம்), சாய் (தேநீர்), சமாக்கி (மீன்) போன்ற பெரிய கூட்டம் ஒன்று ஒருமையிலும் பன்மையிலும் மாறாமல் நிற்கும், தொடக்கக்காரருக்கு அது ஓர் ஆறுதல். வெளியிலிருந்து வந்த சொல்லையும் இந்த மொழி விடாது. கித்தாபு அரபியிலிருந்து வந்த கிதாபுதான், 'கி' இருப்பதால் பன்மையில் வித்தாபு ஆகிவிட்டது. சாலை ரவுண்டானாவில் ஆங்கிலத்தில் 'கீப் லெஃப்ட்' என்று பலகை வைத்தார்கள், ரவுண்டானாவுக்கே கிப்பிலெஃப்தி என்று பெயர் வந்தது, பன்மை விப்பிலெஃப்தி.

தெரிந்த சொற்களிலிருந்து தொடங்கினால் உற்சாகம் வரும், அப்படி நமக்குத் தெரிந்தவை நிறையவே இருக்கின்றன. வக்கீலி என்றால் வக்கீல், சபூனி சோப்பு, துனீயா உலகம், டூக்கா கடை, காரி வண்டி (இந்தி காடி), சப்பாத்தி சப்பாத்திதான். லாக்கி என்றால் லட்சம், ஆங்கிலத்தில் இல்லாத அந்த எண் அங்கே இருக்கிறது. போர்ச்சுக்கீசியர் நம் கரையிலும் ஆப்பிரிக்கக் கரையிலும் இறங்கியவர்கள், கென்யாவின் மொம்பாசாவில் 1593-இல் கோட்டை கட்டத் தொடங்கி 1698 வரை அங்கே இருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன சொற்களில் சில நமக்கும் ஸ்வாஹிலிக்கும் பொது. மேஸா நம் மேசை, நனாசி நம் அன்னாசி, பாத்ரி நம் பாதிரி, லேசோ இலங்கைத் தமிழில் கைக்குட்டைக்குச் சொல்லும் லேஞ்சி.

சமையலறைக்குள் போனால் இன்னும் நெருக்கம். வயலில் நிற்கும் நெல் ம்புங்கா, கடையில் வாங்கும் அரிசி ம்ச்சேலே, தட்டில் விழும் சோறு வாலி. கடையில் போய் வாலி கேட்டால் சிரிப்பார்கள், சோறு ஒரு கிலோ கொடுங்கள் என்று நம் ஊரில் கேட்ட மாதிரி. தேங்காய்க்கும் இதே கதை: இளநீர்க் காய் டாஃபு, முற்றிய தேங்காய் நாஸி, பிழிந்த பால் தூயி, கொட்டாங்குச்சி கிஃபூ, மரம் ம்னாஸி. காய் பெயருக்கு முன்னால் 'ம்' போட்டால் பெரும்பாலும் மரம் வந்துவிடும், சூங்வா ஆரஞ்சு, ம்சூங்வா ஆரஞ்சு மரம். தேங்காய் துருவ ஒரு தாழ்ந்த பலகை வைத்திருப்பார்கள், முனையில் பல் வைத்த இரும்பு நீட்டிக்கொண்டிருக்கும், பலகை மேல் உட்கார்ந்து துருவுவார்கள். அதன் பெயர் ம்பூஸி, ஆடு என்று பொருள். சந்தையில் ம்பூஸி கேட்டால் எந்த ம்பூஸி என்று திருப்பிக் கேட்பார்கள். தேங்காய்ப்பாலில் வடித்த சோறு வாலி வா நாஸி, அவசியம் சாப்பிடுங்கள்.

எண்கள்: மோஜா, ம்பீலி, தாத்து, ன்னே, தானோ, சீத்தா, சாபா, நானே, தீசா, கூமி. பதினொன்று கூமி நா மோஜா, பத்தும் ஒன்றும். இருபது இஷிரீனி, நூறு மியா, ஆயிரம் எல்ஃபு. தான்சானியாவில் காய்கறிக்கே ஆயிரங்களில்தான் விலை சொல்வார்கள், அதனால் எல்ஃபுவைச் சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள்: எல்ஃபு ம்பீலி இரண்டாயிரம், எல்ஃபு தாத்து நா மியா தானோ மூவாயிரத்து ஐந்நூறு. தார் எஸ் சலாமின் கரியாக்கோ சந்தையில் இறங்கினால் தேவைப்படுவது மூன்று சொல்: பேய் காணி (என்ன விலை), காலி (அதிகம்), புங்கூஸா கிடோகோ (கொஞ்சம் குறைங்க).

நேரம் சொல்வதில்தான் புதிதாக வருபவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். அங்கே மணி சூரிய உதயத்திலிருந்து ஆரம்பம். பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் வருடம் முழுக்க ஆறு மணியை ஒட்டியே விடிகிறது, அதனால் நம் காலை ஏழு அவர்களுக்குச் சா மோஜா, ஒரு மணி. நம் ஒன்பது மணி சா தாத்து, நண்பகல் சா சீத்தா. நம் பெரியவர்கள் உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய அதே கணக்கு. கைக்கடிகாரத்தில் முள் இருக்கும் எண்ணுக்கு நேர் எதிரே உள்ள எண்ணைப் படியுங்கள், அதுதான் ஸ்வாஹிலி மணி. வீட்டுக்காரர் 'நாளை சா நானே வாருங்கள்' என்று ஸ்வாஹிலியில் சொன்னால் அது மதியம் இரண்டு மணி, அவரே ஆங்கிலத்தில் சொன்னால் பெரும்பாலும் நம் கணக்கு, சந்தேகமிருந்தால் காலையா மாலையா என்று கேட்டுவிடுங்கள்: அசுபூஹி காலை, ம்ச்சானா பகல், ஜியோனி மாலை, உசீக்கு இரவு. கிழமையில் சனிதான் முதல் நாள், ஜுமாமோசி. ஞாயிறு ஜுமாபீலி, திங்கள் ஜுமாதாத்து, செவ்வாய் ஜுமான்னே, புதன் ஜுமாதானோ. அப்புறம் அல்ஹமீசி, இஜுமா என்று இரண்டும் அரபி.

பேச்சில் விழுந்து எழ உதவும் சில வாக்கியங்களை முழுதாக மனப்பாடம் செய்யுங்கள், இங்கே மட்டும் மனப்பாடம் சரி. ஹீயி இனாயித்வாஜே (இதுக்கு என்ன பேர்) என்ற ஒரு கேள்வி வாய்க்கு வந்துவிட்டால் சந்தையே உங்கள் வகுப்பறை. சியெலேவி (புரியவில்லை), சேமா போலேபோலே (மெதுவாகச் சொல்லுங்கள்). எதையாவது கேட்கும்போது நத்தாக்கா (எனக்கு வேணும்) என்பது கொஞ்சம் கறார், நவோம்பா மாஜி (தண்ணீர் கொடுங்களேன்) என்றால் பணிவு. டாலாடாலாவில், அதாவது அங்குள்ள மினி பஸ்ஸில், இறங்கும் இடம் வந்ததும் ஷூஷா என்று குரல் கொடுங்கள்.

பாடத்துக்கு டியோலிங்கோ என்ற மொழிப்பாடச் செயலியில் ஸ்வாஹிலி இருக்கிறது, ஆங்கிலம் வழியாக. தொடங்க நல்லது, ஆனால் வணக்கப் பழக்கத்தை அதிலிருந்து கற்க முடியாது. காதுக்கு பிபிசி ஸ்வாஹிலி கேளுங்கள், 1957-இலிருந்து நடக்கிறது, செய்தி வாசிப்பவர்கள் தெளிவாகப் பேசுவார்கள், தினமும் பத்து நிமிடம் போதும், புரியாவிட்டாலும் லி, நா, தா, மே எங்கே வருகிறது என்று மட்டும் பிடியுங்கள். நைரோபி இளைஞர்களின் ஷெங் வீடியோக்களை இப்போதைக்குத் தொட வேண்டாம், அது ஆங்கிலமும் மற்ற மொழிகளும் கலந்த தெருப்பேச்சு, தார் எஸ் சலாமில் அது எடுபடாது. 1930-இலிருந்து நிர்ணயித்து வந்த பொது ஸ்வாஹிலி ஸன்ஸிபார் நகரப் பேச்சை அடிப்படையாகக் கொண்டது, நீங்கள் போகிற ஊரில் கேட்பது அதற்கு மிக நெருக்கமானது. பேசுபவர்களில் பெரும்பாலோருக்கு அது இரண்டாம் மொழி என்பதால் உங்கள் தடுமாற்றத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அகராதி வாங்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். கேட்ட சொல்லை அப்படியே தேடினால் கிடைக்காது. வலீமு (ஆசிரியர்கள்) என்று காதில் விழுந்தால் ம்வலீமு என்ற ஒருமையில் தேட வேண்டும், வலிசோமா என்றால் முன்துண்டுகளை உரித்துவிட்டு சோமாவில். முதல் மாதம் ஒவ்வொரு சொல்லையும் பென்சிலால் கோடு போட்டு வெட்டிப் பார்த்த பிறகே அகராதியைத் திறங்கள்.